நீரில் மறைந்த புளோரைடும் அதைக் காட்டும் நிறமும்

மணமக்கள் வாயிலுக்கு வந்ததும் ஆலத்தி சுற்றுவது நம் வழக்கம். தட்டில் உள்ள செந்நீர் எவ்வாறு உண்டாயிற்று என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், குங்குமம் கரைத்தது என்று விடை கூறுவோரே மிகுதி. வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் உண்மை விளங்கும். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலக்கின்றனர், அவ்வளவே. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர்மஞ்சள் தோன்றுதல்தானே முறை? ஆனால் தோன்றுவதோ சிவப்பு. சுண்ணாம்பின் காரத்தன்மை கண்ணுக்குப் புலனாகாதது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருள் அதனை உணர்ந்து தன் நிறத்தை மாற்றிக் கொள்கிறது. கண் காணாத ஒன்றைக் கண் காணும்படி செய்யும் இத்தகைய பொருளை நிறங்காட்டி என்பர் இரசாயன நூலார்.

காரம், புளிப்பு முதலியவற்றைக் காட்டும் நிறங்காட்டிகள் பலவுண்டு. அவற்றைச் செய்வதும் எளிது. செம்பருத்திப் பூவின் சாறுகூட அதற்குப் போதும். ஆயினும் குடிநீரில் கலந்திருக்கும் சில பொருள்களை நிறத்தால் காட்டுவது எளிதன்று. அவற்றுள் மிகவும் பிடிவாதமானது புளோரைடு. நூறு ஆண்டுகளாக அறிஞர் அதற்கு நல்ல நிறங்காட்டி தேடி வருகின்றனர். இன்னும் அத்தேடல் ஓய்ந்தபாடில்லை. ஏன் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

புளோரின் என்பது ஒரு தனிமம். அதன் அணு ஓர் எதிர்மின்னூட்டம் பெற்று நீரில் கரைந்து நிற்கும் நிலையைப் புளோரைடு அயனி என்கிறோம். அதற்கு நிறமில்லை; மணமில்லை; குடிநீரில் காணப்படும் அளவில் சுவையும் இல்லை. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றே கூடும் என்பதே உண்மை. ஆகவே பார்த்தும் முகர்ந்தும் சுவைத்தும் காய்ச்சியும் நீரை ஆராயும் நம் வீட்டு முறைகள் எவையும் இங்கே பயன்படா.

இனி அளவைப் பற்றிய செய்தி. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடு என்பதை மேல் எல்லையாகக் குறித்துள்ளது. இந்திய அரசின் தர நிறுவனம் 1 மில்லிகிராமே விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. மலேசியாவிலோ பற்சிதைவைத் தடுக்கும் பொருட்டுக் குழாய் நீரில் புளோரைடைச் சேர்க்கும் வழக்கம் 1957இல் ஜொகூரில் தொடங்கியது. சிங்கப்பூரிலும் அது 1950களிலேயே தொடங்கிவிட்டது. இன்று மலேசியச் சுகாதார அமைச்சு குறித்துள்ள அளவு லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் வரை.

இவ்வெண்களை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் எழுதிக் கொள்வார்களேயன்றி உணரமாட்டார்கள். ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். 20 லிட்டர் கொள்ளும் ஒரு தகரத்தில் நீரை நிரப்பி, அதில் ஓர் அரிசியின் எடையளவு புளோரைடு கரைந்திருப்பதாக எண்ணுக. அதுவே லிட்டருக்கு 1 மில்லிகிராம். தகரத்திற்கு அரை அரிசி பல்லுக்கு உறுதி. ஒன்றரை அரிசியைத் தாண்டினால் பல்லுக்கும் எலும்புக்கும் கேடு. நன்மைக்கும் தீமைக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அரிசி. ஆகவே, "புளோரைடு இருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் நிறங்காட்டியால் ஒரு பயனும் இல்லை, ஏறக்குறைய எல்லா நிலத்தடி நீரிலும் சிறிதளவேனும் அஃது இருக்கத்தான் செய்யும். "எத்தனை அரிசி?" என்பதற்கு விடை சொல்லுவதே வேண்டும்.

அளவு மிகுந்தால் நேர்வது என்ன? பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் உருவாகும் இளமைப் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகுதியான புளோரைடு உடலிற் சென்றால் பல் முளைக்கும்போதே வெண்திட்டுகளுடனும் பழுப்புக் கறைகளுடனும் முளைக்கும். எத்தனை முறை துலக்கினும் அக்கறை போகாது. பல ஆண்டுகள் தொடர்ந்து மிகுந்த அளவில் குடித்தாலோ எலும்பு மூட்டுகள் இறுகும். முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களில் சுண்ணச் சத்துப் படியும். நிமிரவும் குனியவும் முடியாமற் போகும். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. அதனால்தான் நோய் தோன்றும் முன்னரே நீரைச் சோதித்தறிதல் இன்றியமையாததாகிறது.

இத்தகைய எலும்பு நோயைப் பற்றி உலக மருத்துவ நூல்களில் முதன்முதல் இடம்பெற்ற விரிவான குறிப்புகளுள் ஒன்று, பழைய சென்னை மாகாணத்திலிருந்து எழுந்தது. சென்னைக் கிண்டியிலுள்ள கிங் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பாரும் அவர்தம் துணைவரும், நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் உடல் முடங்கிக் கிடந்தோரை ஆராய்ந்து, கிணற்று நீரின் புளோரைடே காரணம் என்று 1937இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் இக்கேடு மிகுந்த பகுதி தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஆகும். தருமபுரி 1965இல்தான் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் பழைய சேலமும் ஒன்று என்பதை இங்கு நினைத்தல் தகும்.

அப்பகுதிகளின் நிலம் கருங்கற் பாறை நிலம். பாறையில் உள்ள காக்காய்ப்பொன் முதலிய கனியங்களில் புளோரைடு அடங்கியிருக்கிறது. நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்குங்கால் அது மெல்லக் கரைந்து வருகிறது. நீரில் சுண்ணம், அதாவது கால்சியம், நிறைய இருந்தால் அது புளோரைடைப் பற்றிக் கரையாத பொருளாக்கிப் படிய வைத்துவிடும். சுண்ணம் குறைந்து உவர்ச்சோடா மிகுந்த நீரில் அவ்வாறு பற்றுவாரின்மையால் புளோரைடு ஏறிக்கொண்டே போகும். துணி துவைக்க இடர்ப்படுத்தும் கடினநீரை மக்கள் வெறுக்கின்றனர். மென்னீரைக் கண்டு மகிழ்கின்றனர். சில ஊர்களில் அந்த மென்னீரே தீயதாய் முடிவது வியப்பன்றோ!

நிற்க. நோய்க்குக் காரணம் புளோரைடு என்று கண்டுபிடித்த வரலாறே, சோதனை முறை இல்லாத காலத்தில் அறிஞர் பட்ட பாட்டின் வரலாறுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரெடரிக் மக்கே என்னும் இளம் பல் மருத்துவர் 1901இல் தொழில் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்து வளர்ந்தோர் பலருக்குப் பல்லிற் பழுப்புக் கறை இருத்தலைக் கண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். 1923இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூருக்குச் சென்றபோது, அண்மையில் ஒரு வெந்நீரூற்றிலிருந்து குழாய் வைத்து ஊருக்கு நீர் கொண்டு வந்த பின்னரே பிள்ளைகளின் பல் கறுக்கத் தொடங்கிற்று என்று தாய்மார் கூறினர். மக்கே அந்நீரை ஆராயச் செய்தார். ஐயத்துக்குரிய ஒன்றும் அதில் அகப்படவில்லை. ஆயினும் அக்குழாயை விட்டுவிடுமாறு ஊராருக்கு அறிவுரை கூறினார். அவர்களும் கேட்டனர். சில ஆண்டுகளில் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணப் பொருளின் பெயர்கூடத் தெரியாமல், தாய்மார் வாய்மொழியை நம்பி ஒரு ஊர் காப்பாற்றப்பட்டது.

பெயர் தெரிந்தது 1931இல். ஆர்க்கன்சா மாநிலத்தில் அலுமினியக் கனியம் தோண்டும் பாக்சைட் என்ற ஊரிலும் பிள்ளைகளுக்கு இக்கறை இருந்தது. அலுமினியப் பாத்திரத்தால் வந்த தீமை என்று ஊரார் பழி சொல்லிவிடுவரோ என்று அஞ்சிய அலுமினியக் கம்பெனியின் தலைமை இரசாயனர் சர்ச்சில், ஒளிக்கற்றையைப் பிரித்து ஆராயும் முறையில் அவ்வூர் நீரைச் சோதிக்கச் செய்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைடு இருத்தல் தெரிந்தது. தகரத்திற்குப் பதின்மூன்று அரிசிக்கும் மேல்! அவர் முதலில் நம்பவில்லை. மீண்டும் நீரை வருவித்துச் சோதித்தே தெளிந்தார்.

அதன் பின்னர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டிரெண்ட்லி டீன் என்பாரை இவ்வாராய்ச்சிக்கு அமர்த்தியது. எத்தனை மில்லிகிராமுக்கு மேல் கறை தோன்றும் என்பது அவர் தீர்க்க வேண்டிய கேள்வி. அதற்கு ஊர் ஊராக நீரை அளந்தாக வேண்டும். ஒளிக்கற்றைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? அவர் எலியாஸ் எல்வோவ் என்னும் மூத்த இரசாயனரை நாடினார். எல்வோவ் அமைத்த முறை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை, அதாவது தகரத்திற்கு அரிசியில் பத்தில் ஒரு பங்கு வரை, புளோரைடை அளந்தது. 1 மில்லிகிராம் வரை பெருங்கேடு இல்லை என்று டீன் கண்டதும், அதனடியாக 1945இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் முதன்முதல் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்பட்டதும் இம்முறை கைவந்த பின்னரே. சேர்த்தல் நன்றா அன்றா என்ற வழக்கு இன்றளவும் உண்டு. அது வேறு செய்தி. இரு சாராரும் அளவை அறிந்தே வாதிட வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அம்முறைக்கு அடிப்படையாய் நின்றது ஒரு சிவப்புச் சாயம். அதன் பெயர் அலிசரின். பெயர் புதிதாக இருப்பினும் பொருள் தமிழர்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களிலும் ஈழத்து மன்னார்ப் பகுதியிலும் தோண்டியெடுக்கப்பட்ட சாயவேர் இருக்கிறதே, இம்பூரல் என்றும் கூறுவர், அதன் செந்நிறத்திற்குக் காரணம் இந்த அலிசரினே. ஐரோப்பியர் இதனை வேறொரு செடியின் வேரிலிருந்து எடுத்து வந்தனர். 1868ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய அறிஞர் கிரேபே, லீபர்மன் ஆகியோர் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே இதனை ஆக்கினர். வேர் தோண்டும் தொழில் அத்துடன் வீழ்ந்தது.

சாயத் தொழிலாளர் சாயவேரை மட்டும் கொதிக்க வைத்துத் துணியை முக்கினால் நிறம் ஏறாது. ஏறினும் துவைத்தவுடன் போய்விடும். அவர்கள் துணியை முன்னரே கடுக்காய் நீரிலும் படிகார நீரிலும் ஊற வைப்பர். படிகாரத்தில் அலுமினியம் என்னும் உலோகம் உண்டு. அவ்வுலோகம் ஒரு கையால் துணியையும் மறு கையால் சாயத்தையும் பற்றிக் கொள்கிறது. பற்றப்பட்ட பின்னரே அலிசரினுக்கு அந்த அழகிய ஆழ்ந்த சிவப்பு வருகிறது. படிகாரம் தொட்ட இடம் சிவக்கும். தொடாத இடம் வெளுக்கும். துணியிற் பூ வேலை செய்தது இந்த உத்தியைக் கொண்டே. சாயம் தனித்திருந்தால் ஒரு நிறம், உலோகத்தோடு சேர்ந்திருந்தால் வேறு நிறம் என்பது இங்கு மனத்திற் கொள்ளத்தக்கது.

அலுமினியத்திற்கு மாற்றாகச் சிர்க்கோனியம் என்னும் உலோகத்தை எடுத்துக் கொள்வோம். புளிப்பேற்றிய நீரில் அதனையும் அலிசரினையும் கலந்தால் செந்நிறக் கரைசல் உண்டாகும். இதில் புளோரைடு கலந்த நீரை ஊற்றினால் நிறம் வெளுத்து மஞ்சளாகிறது. 1924இல் டச்சு நாட்டு அறிஞர் டி போயர் இதனைக் கண்டுரைத்தார். நிகழ்வது யாதெனின், புளோரைடுக்கு உருவம் மிகச் சிறிது. மின்னூட்டமோ அச்சிறு இடத்திலே செறிந்து நிற்கிறது. ஆகவே சிர்க்கோனியம், அலுமினியம் போன்ற வலிய நேர்மின்னூட்டம் கொண்ட உலோகங்களின்மேல் அதற்கு அளவற்ற பற்று. அலிசரின் பிடித்துக்கொண்டிருக்கும் சிர்க்கோனியத்தைப் புளோரைடு பறித்துக் கொள்கிறது. உலோகத்தை இழந்த சாயம் தன் பழைய மஞ்சள் நிறத்தை அடைகிறது. புளோரைடு எத்தனை மிகுதியோ அத்தனை சிர்க்கோனியம் பறிபோகும்; அத்தனை சிவப்புக் குறையும். சாயத் தொழிலாளி துணியில் ஏற்றியதை இரசாயனர் சோதனைக் குழாயில் இறக்குகிறார் எனலாம்.

சோதிப்போர் செய்ய வேண்டியது இது. ஒரே அளவான கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, அவற்றில் 0, 0.2, 0.4 என்றவாறு அளவு தெரிந்த புளோரைடுக் கரைசல்களை ஊற்றுக. இன்னொரு குழாயில் ஊர்க் கிணற்று நீர். எல்லாவற்றிலும் ஒரே அளவு செஞ்சாயக் கரைசலைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தால், கிணற்று நீரின் நிறம் எந்தக் குழாயின் நிறத்தோடு ஒக்கிறதோ அதுவே அளவு. எல்லாக் குழாய்களும் ஒரே வெப்ப நிலையில் இருத்தல் வேண்டும். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தால் விடை பிழைபடும்.

இம்முறையில் குறைகள் உண்டு. நிறம் தோன்றுவதைக் கண் எளிதிற் பிடித்துக் கொள்கிறது. நிறம் மங்குவதை அவ்வாறு பிடிப்பதில்லை. வெண்மையில் ஒரு நீலத்துளி விழுந்தால் யாரும் காண்பர். சிவப்பு ஒரு படி குறைந்தது என்பதை யார் காண்பர்? மேலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணினர் ஆண்களில் உளர். அவர்களுக்குச் சிவப்பு மஞ்சளாவதை மதிப்பிடுவது கடினம். நீரில் உள்ள பிற பொருள்களும் குறுக்கிடும். பாஸ்பேட்டும் சல்பேட்டும் சிர்க்கோனியத்தை இழுக்கும். நீரைத் தூய்மையாக்கச் சேர்த்த குளோரின் சாயத்தையே வெளுக்க வைத்து, இல்லாத புளோரைடு இருப்பதாகக் காட்டிவிடும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது அலுமினியம். நீரில் அலுமினியம் இருந்தால் புளோரைடு அதனோடு சேர்ந்து ஒளிந்து கொள்ளும். சிர்க்கோனியத்தின் பக்கம் வராது. சோதனை குறைந்த அளவைக் காட்டும். இதில் ஓர் இக்கட்டு உண்டு. நீரிலிருந்து புளோரைடை நீக்குவதற்கு இந்தியாவில் புகழ்பெற்ற எளிய முறை, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக் கழகம் 1975இல் வகுத்த நல்கொண்டா முறை. அதில் நீருக்குச் சேர்ப்பது படிகாரமும் சுண்ணாம்பும். படிகாரம் சரியாகப் படியாமல் நீரில் எஞ்சிவிட்டால், அந்த அலுமினியமே பின்னர்ச் செய்யும் நிறச் சோதனையைக் கெடுத்து, "புளோரைடு நீங்கிவிட்டது" என்று பொய்ச்சான்று கூறும். மருந்தே நோயை மறைப்பது போன்றது இது. கவனமுள்ள ஆய்வுக்கூடத்தார் நீரை முதலில் வாலையில் வடித்த பின்னரே சோதிப்பதற்குக் காரணம் இதுவே.

1958இல் ஸ்பேட்ன்ஸ் என்னும் வேறொரு சாயம் அலிசரினின் இடத்திற்கு வந்தது. ஒரு மணி நேரக் காத்திருப்பு இதனால் ஒழிந்தது, தத்துவம் அதுவே. அதே காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் பெல்ச்சரும் அவர் துணைவரும் நிறம் மங்குவதற்கு மாறாக நிறம் தோன்றும் முறையைக் கண்டனர். சீரியம் அல்லது லாந்தனம் என்ற உலோகத்தோடு சேர்ந்த அலிசரின் வழிச் சாயம் ஒன்று, புளோரைடு வந்தவுடன் உலோகத்தை இழக்காமல் அதனையும் உடன் சேர்த்துக்கொண்டு நீல நிறமாகிறது. பறித்தல் போய்ச் சேர்த்தல் வந்தது. பின்னர் 1966இல் பிராண்ட், ராஸ் என்னும் இருவர் லாந்தனம் புளோரைடுப் படிகத்தைக் கொண்டு மின்முனை ஒன்றைச் செய்தனர். அஃது அளவை மின்னழுத்தமாகக் காட்டும். கண்ணை நம்ப வேண்டுவதில்லை. ஆய்வுக்கூடங்கள் பலவும் அதனை ஏற்றுக் கொண்டன.

அங்ஙனமாயின் நிறங்காட்டித் தேடல் முடிந்திருக்க வேண்டுமன்றோ? முடியவில்லை. மின்முனைக்குப் பணம் வேண்டும், பயின்ற கை வேண்டும், அடிக்கடி சரிபார்க்கும் கரைசல் வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டிய அன்றே அதன் நீரைக் குடிக்கத் தொடங்கும் சிற்றூரில் இவை ஏது? ஒரு தாளை நனைத்தால் நிறம் மாற வேண்டும். ஊர்ப் பள்ளி ஆசிரியரே பார்த்துச் சொல்ல வேண்டும். அத்தகைய ஒன்றைத் தேடியே சென்ற சில பத்தாண்டுகளில் வேதியியலார் நூற்றுக்கணக்கான புதிய மூலக்கூறுகளைக் கட்டினர். பூட்டுக்கேற்ற சாவி போலப் புளோரைடு மட்டும் நுழையும் குழி ஒன்றை மூலக்கூறில் அமைத்து, அது நுழைந்ததும் நிறம் மாறுமாறு செய்தல் அவர்தம் எண்ணம். ஆய்வேடுகளில் வெளிவந்த படங்கள் கண்ணைக் கவர்ந்தன. ஒரு குழாயில் மஞ்சள், அடுத்ததில் நீலம். ஆனால் அடிக்குறிப்பைப் படித்தால் அவற்றுட் பல, நீர் இல்லாத கரிமத் திரவங்களிற் செய்த சோதனைகள் என்பது விளங்கும். நீரைச் சிறிது சேர்த்தவுடன் நிறம் மறைந்துவிடும். குடிநீரைச் சோதிக்க, நீரே ஆகாத சோதனை!

இதற்குக் காரணம் நீரேதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சூழ்ந்து நிற்கும் உறவினரைப் போல, ஒவ்வொரு புளோரைடு அயனியையும் நீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழ்ந்து நிற்கின்றன. குளோரைடையும் நீர் சூழத்தான் செய்கிறது. ஆயினும் சிறிய உருவினதாகிய புளோரைடை அது பற்றும் இறுக்கம் மிகப் பெரிது. எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்றால், ஒரு புளோரைடு அயனிக்கு ஏறத்தாழ 7 இலட்சம் நீர் மூலக்கூறுகள் என்று கணக்கு வருகிறது. மெல்லிய பிணைப்பால் புளோரைடை அழைக்கும் மூலக்கூறு, இந்தக் கூட்டத்தை விலக்கி அதனை வெளியே கொண்டுவர இயலுமா? நீரற்ற திரவத்திலோ சூழ்ந்து நிற்போர் இல்லை. எனவே எவர் அழைத்தாலும் வந்துவிடும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. நீரற்ற திரவத்தில் புளோரைடு ஒரு வலிய காரம்போல நடந்து, மூலக்கூறிலிருந்து நீரகத்தைப் பறித்துவிடுகிறது. அப்போது நிகழும் நிற மாற்றம் குழிக்குள் சாவி நுழைந்ததால் வந்ததன்று. சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவந்தது போன்றதே. மஞ்சளின் குர்க்குமின்கூட அத்தகைய திரவங்களில் புளோரைடைக் கண்டு நிறம் மாறுவதுண்டு. அதனால் ஆலத்தித் தட்டில் புளோரைடு இருக்கிறது என்று கூறலாமா? புதிய நிறங்காட்டி ஒன்றைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, எந்தத் திரவத்தில், எவ்வளவு புளோரைடுக்கு நிறம் மாறிற்று என்ற இரண்டையும் முதலிற் பார்த்தல் நன்று.

நீரிலும் தோற்காத வழிகள் சிலவே. அவை யாவும் மெல்லிய அழைப்பை விட்டு வலிய பிடியை நாடியவை. போரான் என்னும் தனிமம் புளோரைடை விரும்பிப் பற்றும். சிலிக்கானும் அவ்வாறே, புளோரைடு சிலிக்கானைக் கண்டால் அதனைச் சார்ந்திருக்கும் பழைய பிணைப்பை அறுத்துவிடும். ஆகவே, சாயத்தின் வாயைச் சிலிக்கான் கொண்டு பூட்டி வைத்தால், புளோரைடு வந்து பூட்டை உடைக்கும்போது நிறம் வெளிப்படும். இவ்வழியில் ஒரு குறை யாதெனின், பூட்டு உடைய நேரமாகும். நிறம் மாறும் எளிய சோதனை ஒன்றை இந்தியா, தான்சானியா போன்ற நாடுகளின் சிற்றூர்களை மனத்திற் கொண்டு உருவாக்கியதாக இங்கிலாந்தின் பாத் பல்கலைக் கழகத்தார் 2016இல் அறிவித்தனர்.

இவை அனைத்தினும் சுவையானது உயிரினத்திலிருந்து கிடைத்த வழி. புளோரைடு நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. அது உட்புகுந்தால் அறிந்து வெளியேற்ற அவை ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ஆர்.என்.ஏ. இழை ஒன்று புளோரைடைக் கண்டவுடன் மடிந்து, "வெளியேற்றும் கருவியைச் செய்" என்று ஆணை பிறப்பிக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் பிரேக்கர் குழுவினர் இதனை 2012இல் வெளிப்படுத்தினர். எதிர்மின்னூட்டம் நிறைந்த ஆர்.என்.ஏ. இழை, எதிர்மின்னூட்டமே கொண்ட புளோரைடை எவ்வாறு பற்றும்? ஒன்றையொன்று தள்ளுமன்றோ? அவ்விழையின் உருவத்தை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. இழை நேரே பற்றவில்லை. மூன்று மெக்னீசிய அயனிகளைத் தன்னுள் அமைத்து, அவற்றின் நடுவே புளோரைடை இருத்திக் கொள்கிறது. சாயத் தொழிலாளியின் படிகாரமும், டி போயரின் சிர்க்கோனியமும், பெல்ச்சரின் லாந்தனமும் செய்த வேலையை நுண்ணுயிரும் உலோகத்தைக் கொண்டே செய்து வந்திருக்கிறது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்தில் லக்ஸ் என்பாரின் குழுவினர் அந்த ஆர்.என்.ஏ. ஏற்பாட்டை எடுத்து, வெளியேற்றும் கருவிக்கு மாறாக நிறம் தரும் நொதி ஒன்றைச் செய்யுமாறு ஆணையை மாற்றி அமைத்தனர். உயிரணுவை உடைத்தெடுத்த சாற்றோடு அதனைச் சிறு குழாயில் இட்டு, உறைய வைத்து உலர்த்தினர். இந்நிலையில் அது பொடியாகக் கிடக்கும், குளிர்பதனம் வேண்டா. சோதிக்க வேண்டிய நீரின் ஒரு துளியை இட்டால் உயிர்ப்பெறும். புளோரைடு போதிய அளவு இருந்தால் நொதி தோன்றி, கேட்டிகால் என்னும் நிறமற்ற பொருளை மஞ்சளாக்கும். கோஸ்டா ரிக்கா நாட்டில் இராசூ எரிமலையைச் சார்ந்த இடங்களின் நீரை அங்கேயே எடுத்து, இதனைக் கொண்டு சோதித்த செய்தி 2020இல் அச்சாயிற்று.

அக்குழாய்கள் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடைக் காட்டின. அமெரிக்க அரசு பல்லின் தோற்றத்தைக் கருதிக் குறித்துள்ள எல்லை அது. தகரத்திற்கு இரண்டு அரிசி. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கு இன்னும் அரை அரிசி குறைய வேண்டும், 0.4க்கும் 0.6க்கும் இடையே அளவை நிறுத்த வேண்டிய நம் நாட்டு நீர்நிலையத்தாருக்கோ இது போதாது, அவர்களுக்குப் பழைய சாயமும் மின்முனையுமே துணை. ஆனால் பதின்மூன்று அரிசி இருந்தும் பிள்ளைகளின் பல் கறுத்த பின்னரே காரணம் தேடப்பட்ட பாக்சைட் போன்ற ஓர் ஊருக்கு, குழாயில் ஒரு துளி விட்டுச் சில மணி நேரம் காத்திருந்தால் மஞ்சள் தோன்றிவிடும்.